வைத்திருக்கும் செலவு

வானமாமலை அண்ணாச்சி பம்பாய் செம்பூர் கார் ஒர்க்‌ஷாப்பின் வாசலில் வந்து நின்று குரல் கொடுத்தபோது, கோகிலவாணி மேஜையில் ஒரு பில்லுக்கு வரி கூட்டிக்கொண்டிருந்தாள். ஆள் யாரென்று குரலிலேயே தெரிந்துவிட்டது. தலையைத் தூக்கினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று, கூட்டி முடித்த கணக்கை மறுபடியும் முதலிலிருந்து கூட்டினாள்.

"அடடே, நம்ம சுடலை சம்சாரம்லா! நீ இங்கயா வேல பாக்க?" என்றார் அவர்.

சந்தோஷமாகத்தான் கேட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் கண்ணில் ஒரு பயமோ கூச்சமோ தெரிந்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மனுஷன் சுத்தமாக மறந்தே போயிருந்தார்.

அவள் புருஷன் சுடலைக்கண்ணன், தாராவியில் வானமாமலையின் தோல் பைப் பட்டறைக்கு டெம்போ ஓட்டியவன். தைத்த பைகளை ஏற்றிக்கொண்டு புனே கடைகளில் போட்டுவிட்டு வருவான். பழைய டெம்போ. "பிரேக் பெடல் தரை வரைக்கும் போவுது கோகிலா. ரெண்டு மூணு மிதி மிதிச்சாத்தான் பிடிக்கி" என்று வீட்டில் வந்து சொல்வான். முதலாளியிடமும் சொன்னான். ஒரு நாள் அவனுக்குச் சோறு கொண்டுபோனபோது அவர் பதிலை அவளே காதால் கேட்டாள்: "பிரேக் அடுத்த மாசம் பாத்துக்கலாம்டே. கிழட்டு வண்டிக்கு இன்னும் எம்புட்டுதான் கொட்ட?"

ஒரு நாள் புனேயிலிருந்து திரும்பும்போது கண்டாலா மலை இறக்கத்தில் டெம்போ தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. சுடலைக்கண்ணனை வெளியே எடுக்கும்போதே உயிர் இல்லை.

செத்ததுகூட ஒரு பக்கம். பிறகு நடந்ததுதான் கோகிலவாணியின் நெஞ்சில் அப்படியே நின்றது. ஊர்க்காரர்களின் சங்கத்தில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். முதலாளி அந்தக் குடும்பத்துக்கு என்ன செய்யப்போகிறார் என்று யாரோ கேட்டார்கள். வானமாமலை எழுந்து, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செத்தவனைக் குறை சொல்லக் கூடாது. ஆனா பய அன்னைக்கு நல்லா ஊத்தியிருந்தான். நான் போகாதலேன்னுதான் சொன்னேன்" என்றார்.

குடிப்பவன் பக்கத்தில் உட்கார்ந்தாலே தலைவலிக்கிறது என்று எழுந்து போகிறவன் சுடலைக்கண்ணன். கோகிலவாணி கத்தினாள், பிரேக் விஷயத்தைச் சொன்னாள். புருஷனைப் பறிகொடுத்தவள் எதையாவது சொல்லத்தான் செய்வாள் என்று பெண்கள் அவளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவள் மகள் பூமாரியை 'பேவ்டா மகள்' என்று கூப்பிட ஆரம்பித்தன. பம்பாயில் மொடாக்குடியனுக்கு அதுதான் பெயர். பூமாரி அழுதுகொண்டு வந்து, "அப்பா பேவ்டாவா மா?" என்று கேட்ட அன்றைக்கு, வானமாமலைக்கு ஒரு நாள் நான் திருப்பிக் கொடுப்பேன் என்று கோகிலவாணி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். எதை, எப்படி என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

மேலப்பாளையத்துக்காரரான மன்சூர் அலி பாய், செம்பூரில் வெளிநாட்டு வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். அவரிடம் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிற வண்டியின் கோளாறைக் கேட்டு எழுதுவது, மெக்கானிக்கிடம் விசாரித்துச் செலவைச் சொல்வது, அதைக் கேட்டுக் கொதிக்கிற ஆளை உட்காரவைத்துச் சமாதானப்படுத்துவது என்று வரவர முன்மேஜை வேலை முழுவதும் அவள் கைக்கு வந்துவிட்டது. பாய்க்கு அவள்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

அந்த மேஜைக்கு முன்னால்தான் இப்போது வானமாமலை உட்கார்ந்திருந்தார். தாராவிப் பட்டறை இரண்டாகியிருந்தது. வீடு செம்பூருக்கு மாறியிருந்தது.

"ஒரு ஜெர்மன் வண்டி வருது பாய்" என்றார் டீயை ஊதிக்கொண்டே. "பெரிய வண்டி. எட்டு வருஷம் ஓடியிருக்கு. ஜப்பான் கம்பெனிக்காரன் புது வண்டிக்குச் சொல்லுத விலையைவிடக் கம்மிக்குத் தாரேன்னு புரோக்கர் சொல்லுதான். என்ன செய்யலாம்?"

"தொடாதீங்க" என்றார் மன்சூர் அலி. "வாங்குற விலையைப் பாக்காதீங்க அண்ணாச்சி, வச்சிருக்குற செலவைப் பாருங்க. புதுசுல அது கோடி ரூபா வண்டி. இப்ப வண்டி விலைதான் இறங்கியிருக்கு, ஸ்பேர் விலை இறங்கல. ஒரு சாமான் போச்சுன்னா கோடி ரூபா வண்டிக்கு உள்ள விலைதான் கேப்பான்."

"ஜப்பான் வண்டி?"

"ஆயிலை மாத்துங்க, ஓட்டுங்க. வேற தொல்ல கிடையாது."

"கதவைச் சாத்துனா தகர டப்பா மாதிரில்லா சத்தம் கேக்கு! வெளிநாட்டுப் பார்ட்டி ஏர்போர்ட்ல வந்து இறங்குதான். அவனை டப்பாவுலயா ஏத்திட்டு வர?"

"நடுரோட்டுல நின்னுபோச்சுன்னா மட்டும் பார்ட்டி கைதட்டுவானா?"

"ஜெர்மன்காரன் வண்டி நிக்குமா பாய்? அவன் ரோட்டுல எரநூறுல போறானே!"

"அவன் ரோடு வேற, நம்ம சயான் ரோடு வேற. அங்க வாரண்டி முடியறதுக்குள்ள வித்துருவான். முடிஞ்ச பிறகு வாங்குறவன் நம்மதான்."

வாக்குவாதம் வளர்ந்துகொண்டே போனது. சஸ்பென்ஷன், கியர் பாக்ஸ், கம்ப்யூட்டர் என்று பாய் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல, வானமாமலை ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். வாங்குவதென்று பாதி முடிவு கட்டித்தான் வந்திருக்கிறார், பாய் சொல்லச் சொல்ல அந்தப் பாதியும் ஆடிக்கொண்டிருக்கிறது என்பது கோகிலவாணிக்குப் புரிந்தது. இன்னும் ஒரு டீ குடித்தால் ஜப்பான் வண்டிக்கே போய்விடுவார்.

"நீ சொல்லு கோகிலா" என்று அவர் திரும்பினார். "தெனமும் வண்டியோட கிடக்க. உனக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியும். பாய் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதே மாதிரி பழைய வண்டி வாங்கியவர்கள் அவள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொள்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஒரு பிரேக்குக்குச் செலவு செய்ய மனம் வராத இந்த மனுஷனை அந்த நாற்காலியில் அவள் நினைத்துப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

"பாய் சொல்லுதது சரிதான் அண்ணாச்சி. ஆனா பாய் கண்ணுல படுறதெல்லாம் கெட்டுப்போன வண்டி. நல்லா ஓடுற வண்டி எதுக்கு ஒர்க்‌ஷாப்புக்கு வரப்போவுது? ஒழுங்கா சர்வீஸ் பண்ணினா இது இன்னும் பத்து வருஷம் தாங்கும். ஜப்பான் வண்டி டாக்சிக்காரன்கூடத்தான் வச்சிருக்கான். உங்களுக்கு அது நல்லாவா இருக்கும்? செலவ நினைச்சுப் பயப்படாதிய. நான் இங்க இருக்கேன்லா."

வானமாமலையின் முகம் மலர்ந்தது. "கேட்டியளா பாய்! நம்ம ஊர்ப் புள்ள சொல்லுது."

அவர் போன பிறகு மன்சூர் அலி, "ஏம்மா, நம்ம ஆளை இப்படி மாட்டிவிடுற?" என்றார்.

"வண்டி வந்தா நமக்கு வேலதான பாய்" என்றாள். பாய் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

வண்டி வந்தது. கரும்பச்சை நிறத்தில், கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு. வானமாமலை அதைத் தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் மெதுவாக ஓட்டிக் காட்டிவிட்டு, முதல் சர்வீசுக்காக அவளிடம் கொண்டுவந்தார். மெக்கானிக் கழற்றிப் பார்த்து, நாலு சக்கரத்திலும் பிரேக் பேடும் டிஸ்க்கும் தேய்ந்துபோயிருப்பதாகச் சொன்னான். அவள் தொகையைச் சொன்னாள்.

"டேயப்பா! பிரேக்குக்கா இவ்வளவு?" வானமாமலை உச்சுக்கொட்டினார். "இப்ப ஓடிக்கிட்டுத்தான இருக்கு? ஆயில மட்டும் மாத்து. பிரேக் அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அதே வாய், அதே வார்த்தை. கோகிலவாணி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சரி என்று தலையாட்டினால் போதும். அடுத்த வாரம் இவர் புனேக்குப் போவார். அதே மலை, அதே இறக்கம். யாரும் அவளை ஒன்றும் கேட்க முடியாது, வேண்டாம் என்று சொன்னது வண்டிக்காரர்.

ஒரு நிமிஷம் அந்த நினைப்பு அவளுக்கு இனிக்கத்தான் செய்தது. செத்துப்போனால் நாளைக்கே அதே சங்கத்தில் இவர் படத்துக்கு மாலை போடுவார்கள், நல்ல மனுஷன் என்பார்கள். அது போதாது. இவர் இருக்க வேண்டும். இருந்து, கொடுக்க வேண்டும். கொடுத்து முடித்தோம் என்று நினைக்கிறபோது இன்னொரு முறை கொடுக்க வேண்டும்.

"பிரேக் மாத்தாம வண்டி இந்த கேட்டைத் தாண்டாது" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டு உள்ளேயிருந்து பாய் எட்டிப் பார்த்தார். வானமாமலையும் ஒரு கணம் திகைத்துப்போய், "சரி, சரி. மாத்து. அதுக்கு ஏன் இப்படி முறைக்க?" என்று கார்டை எடுத்து நீட்டினார்.

அதற்குப் பிறகு வண்டியே பார்த்துக்கொண்டது. முதல் மழையில், வண்டியைக் காற்றில் தூக்கி நிறுத்தும் முன்பக்க ஏர் சஸ்பென்ஷன் காற்றை விட்டது. காலையில் வந்து பார்த்தால் வண்டி இடது பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருக்கும். அதை மாற்றினால், பின்பக்கம். பிறகு தண்ணீர் பம்ப். பிறகு, சிவப்பு விளக்கு எரிகிறது, எதற்கு எரிகிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு செலவு. ஜெர்மனியிலிருந்து சாமான் வரவேண்டுமென்று வாரக்கணக்கில் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. வெளிநாட்டுப் பார்ட்டியை வாடகை டாக்சியில்தான் ஏற்றிக்கொண்டு போனார்.

கோகிலவாணி ஒரு பொய் பில் போடவில்லை. கழற்றிய சாமானைப் பையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தாள். ஒரு ரூபாய் கூட்டி எழுதவில்லை. கூட்டி எழுதியிருந்தால் அது வெறும் திருட்டு. அவளுக்கு வேண்டியது அவர் பணம் இல்லை, கொடுக்கும்போது அவர் முகம் போகிற போக்கு.

"விட்டுத் தொலைச்சிரலாமா கோகிலா?" என்று அவர் கேட்டது கியர் பாக்ஸ் போன சமயத்தில். மனுஷன் இளைத்திருந்தார்.

"இம்புட்டு போட்டபிறகா? கியர் பாக்ஸ் ஒண்ணுதான் பாக்கி அண்ணாச்சி. அதையும் போட்டுட்டா புது வண்டிதான். இப்ப வித்தா இரும்பு விலைக்குக் கேப்பான். இதுவரை போட்டதெல்லாம் எவனோ ஒருத்தனுக்குப் போவும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைப் பிடித்தது. தான் போட்ட காசை இன்னொருத்தன் அனுபவிப்பதா? கியர் பாக்ஸ் போட்டார். அதற்காக இரண்டாவது பட்டறையை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டார் என்ற செய்தி தெருவில் அடிபட்டது.

ஒரு சாயங்காலம் பூமாரி கல்லூரியிலிருந்து வந்து, "விஜயராணி ஆண்ட்டிக்கு வேலை போயிருச்சு மா. அவர் கைமாத்துன பட்டறைல தைக்கிறவங்க எல்லாருக்கும். உனக்குத் தெரியுமா?" என்றாள்.

கோகிலவாணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். விஜயராணி நாலு வீடு தள்ளி இருப்பவள்; சுடலைக்கண்ணன் செத்த அன்று பூமாரியைத் தன் வீட்டில் வைத்துச் சோறு ஊட்டியவள்.

"நீதான அவருக்கு அந்த காடி வாங்கச் சொன்ன?" என்றாள் பூமாரி. கோபம் வந்தால் அவள் பேச்சில் ஹிந்தி கலந்துவிடும். "பஸ் கரோ மா. போதும்."

"எனக்குப் போதும்னு தோணல" என்றாள் அவள். ஆனால் விஜயராணியின் வாசலைத் தாண்டும்போதெல்லாம் சில நாள் தலையைக் குனிந்துகொண்டே போனாள். அப்படியும் நிறுத்தவில்லை.

முடிவு ஒரு மத்தியான வேளையில் வந்தது. வானமாமலை ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தார். பின்னால் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணேசபாண்டியன், ஊர்ச் சங்கத்தின் தலைவர். அன்றைய இரங்கல் கூட்டத்தை நடத்தியவரும் அவர்தான்.

"இந்தா இருக்கா பாருங்க அண்ணாச்சி, என்னக் கெடுத்தவ!" என்று வானமாமலை கையை நீட்டினார். "இவளுக்கு என்ன தண்டனைன்னு சங்கம் சொல்லட்டும்."

மன்சூர் அலி எழுந்து வந்தார். "என் கடைல பொய் பில் கிடையாது. எந்தப் பில்லுன்னு சொல்லுங்க."

"பில்லு பொய்யின்னு நான் சொல்லல பாய். இவ சொன்ன புத்தி பொய். நேத்து ஐரோலில வேற ஒரு மெக்கானிக்கிட்ட வண்டியக் காட்டுனேன். இத வாங்கியிருக்கவே கூடாது, வாங்குன வருஷமே தலைமுழுகியிருக்கணும், எந்த ஒர்க்‌ஷாப்காரனுக்கும் இது தெரியும்னு சொல்லுதான். இவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சே வாங்கவச்சா. நான் விக்கப் போனப்பவும் தடுத்தா!"

கணேசபாண்டியன் அவளைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

பாயின் தலை சட்டென்று அவள் பக்கம் திரும்பியது.

"பின்ன ஏன் சொன்ன?"

"பிரேக்குக்குச் செலவழிக்க மனசு வராத ஆளு, கொஞ்சம் செலவழிக்கட்டும்னு சொன்னேன்."

"எந்தப் பிரேக்கு?" என்றார் வானமாமலை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

கோகிலவாணி எழுந்து நின்றாள். அத்தனை வருஷம் அடக்கிவைத்த குரல் அப்போதும் உயரவில்லை. "எம்புருஷன் ஓட்டுன டெம்போ பிரேக்கு."

"அடிப்பாவி! அதுக்கா?" அவர் அலறினார். "அது எந்தக் காலம்! அவன் சொன்னான், நான் இல்லைங்கல. வாரா வாரம் வந்து நச்சரிச்சான். அடுத்த மாசம் பாப்போம்னேன். அது மலைல வச்சுப் போவும்னு நான் சோசியமா பாத்தேன்? அன்னைக்கு லோடு போகலைன்னா பார்ட்டி கைய விட்டுப் போயிருவான். அந்த டெம்போவ எடுக்கமாட்டேன்னுதான் அவன் நின்னான். நான்தான் ஏசி அனுப்புனேன். ஒரு டெம்போ பிரேக்குக்காவ என்னை இந்தப் பாடு படுத்துவியா நீ?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. உள்ளே ஸ்பேனர் சத்தம் நின்றிருந்தது.

கணேசபாண்டியன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "குடிச்சிருந்தான்னு சொன்னியே, வானமாமலை."

வானமாமலை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் முன்னாலதான் சொன்ன. நான் நம்புனேன். இந்தப் பிள்ள கத்துச்சு, நான்தான் உக்காரச் சொன்னேன்." "போகமாட்டேன்னு நின்னவனை ஏசி அனுப்பிட்டு, குடிகாரன்னா சொன்ன?"

"அண்ணாச்சி, அது வந்து... அன்னைக்கு இருந்த நெலமைல..."

"நீ பேசாத."

வானமாமலை கோகிலவாணியைப் பார்த்தார். முதல் முறையாக அந்தக் கண்ணில் அவளுக்கு வேண்டியது தெரிந்தது. அவள் அதை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பிரேக் இல்லாத வண்டியில் மலையேறப் போன அன்று காலையில் சுடலைக்கண்ணன் இப்படித்தான் பயந்திருப்பானா என்று நினைத்தாள். நினைத்ததும் கோபம் குறைவதற்குப் பதிலாகப் புதிதாக ஏறியது.

அவர்கள் போன பிறகு மன்சூர் அலி வாசல் ஷட்டரைப் பாதி இறக்கினார். பிறகு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நீ செஞ்சது நியாயமா இல்லையான்னு நான் சொல்ல வரல. உன் இடத்துல நான் இருந்தா என்ன செஞ்சிருப்பேனோ, அல்லாவுக்குத்தான் தெரியும். ஆனா இந்தக் கடைக்கு வர்றவன் உன் வாய்ச்சொல்லை நம்பித்தான் லட்சத்தை எடுத்து வைக்கிறான். இனிமே நீ சொல்றதை நானே நம்ப முடியாதும்மா."

"தெரியும் பாய்" என்றாள். அவள் எதிர்பார்த்ததுதான். ஆனாலும் சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு, பில் புத்தகத்தை ஒருமுறை நேராக்கி வைத்தாள். அவளை ஆளாக்கிய இடம் அது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் கணேசபாண்டியன் எல்லோர் முன்னாலும் எழுந்து, சுடலைக்கண்ணன் குடித்துவிட்டு வண்டி ஓட்டவில்லை, பிரேக் போன வண்டியில் அவனை அனுப்பினார்கள், அதை மறைத்த பொய்யை இந்தச் சங்கம் நம்பியது, அதற்குத் தான் தலைகுனிவதாகச் சொன்னார். வானமாமலை அன்று வரவில்லை. பூமாரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கோகிலவாணிக்கு அழுகை வரவில்லை. சுற்றிலும் இருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்குத் தன்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்தவர்கள் யார் யார் என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

வாசலில் விஜயராணி நின்றிருந்தாள். "சுடலை அண்ணன் பேரு தெளிஞ்சதுல எனக்குச் சந்தோசம்தான் கோகிலா" என்றாள். "ஆனா நீ அவரை அடிச்ச அடில பாதி எங்க மேலதான் விழுந்துது. அதையும் தெரிஞ்சுக்க."

கோகிலவாணி அவள் கையைப் பிடிக்கப் போனாள். விஜயராணி கையை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது கோகிலவாணிக்குக் கோபர்கைரனேயில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. சம்பளம் குறைவு, ரயிலில் தூரம் அதிகம். சயான் ஸ்டேஷனுக்குப் போக நேர்வழி இருந்தும் அவள் வானமாமலை கையில் மிஞ்சிய பழைய பட்டறையின் சந்து வழியாகத்தான் போகிறாள். சந்து முனையில் அந்த ஜெர்மன் வண்டி நிற்கிறது. வாங்க ஆள் கிடைக்கவில்லை, ஓட்டவும் முடியவில்லை. காற்றெல்லாம் போய் வயிறு தரையைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்துவிட்டது. யாரோ அதன்மேல் தோல் துண்டுகளைக் காயப்போட்டிருக்கிறார்கள்.

ஒரு நாள் காலையில் பட்டறை மாடி ஜன்னலில் வானமாமலை நின்றார். கீழே அவளைப் பார்த்ததும் சடாரென்று உள்ளே நகர்ந்துகொண்டார். கோகிலவாணி வண்டியின் பக்கத்தில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, நிமிர்ந்து, இன்னும் கொஞ்சம் நேரம் அங்கேயே நின்றாள். அவர் அந்த இருட்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ரயிலுக்கு நேரமானது. ஆனாலும் அவசரப்படாமல் நடந்தாள்.